ஓக்லஹோமாவில் எழுதும் வஸிய்யத் செல்லுமா?

கேள்வி: சொந்த ஊர் மேலப்பாளையம். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். ஊரில் வாப்பாவும் உம்மாவும் இருக்கிறார்கள். நான் அனுப்பும் பணத்தில்தான் அவர்கள் காலம் ஓடுகிறது. ஒரு தம்பி உண்டு. ஐம்பது வயது நெருங்குவதால் வஸிய்யத் (உயில்) எழுதி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். "என் சொத்துகளை ஷரீஅத் முறைப்படி பிரித்துக் கொடுக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதாகத்தான் எண்ணம். ஜும்ஆவுக்கு வரும் நண்பர் ஒருவர், "இந்த மாநிலத்தில் ஷரீஅத்துக்கே தடை போட்டிருக்கிறார்கள். அந்த வார்த்தை இருந்தாலே கோர்ட்டில் தள்ளிவிடுவார்கள், சொத்து அரசாங்கத்துக்குப் போய்விடும்" என்கிறார். இன்னொருவர், அப்படி ஒரு சட்டமே கிடையாது, வதந்தி என்கிறார். மூத்த மகளுக்கு அடுத்த ஆண்டு டாலஸில் நிக்காஹ். மஹர் (மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மணக்கொடை) எழுதுவதிலும் சிக்கல் வருமா? ஒரு மார்க்கத்தின் பெயரைச் சொல்லியே சட்டம் போட அமெரிக்க அரசியலமைப்பு இடம் கொடுக்கிறதா?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

நண்பர்கள் இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஷரீஅத் என்று பெயர் சொல்லியே ஒரு தடையை ஓக்லஹோமா மக்கள் வாக்களித்து நிறைவேற்றியது உண்மை. அந்தத் தடை ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை என்பதும் உண்மை. சொத்து அரசாங்கத்துக்குப் போகும் என்பது மட்டும் முழுத் தவறு. உயில் செல்லாமல் போனால் சொத்து சட்டப்படியான வாரிசுகளுக்குப் போகும். வாரிசு என்று ஒருவரும் இல்லாதவரின் சொத்துதான் அரசிடம் சேரும். ஆனால் உங்கள் விஷயத்தில் "சட்டப்படியான வாரிசுகள்" என்பதற்குள்ளேயே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். நண்பர்களிடம் எடுத்துச் சொல்லவும் உதவும்.

2010 நவம்பர் 2 அன்று நடந்த தேர்தலோடு சேர்த்து, 'மாநிலக் கேள்வி 755' என்ற திருத்தத்தை மக்கள் முன் வைத்தார்கள். மாநில அரசியலமைப்பில் நீதித்துறை பற்றிய ஏழாம் பிரிவை மாற்றும் திருத்தம் அது. நீதிமன்றங்கள் வேறு நாடுகளின், வேறு பண்பாடுகளின் சட்டக் கோட்பாடுகளைப் பார்க்கக் கூடாது, குறிப்பாகச் சர்வதேசச் சட்டத்தையும் ஷரீஅத்தையும் கருத்தில் கொள்ளவே கூடாது என்றது. இன்னொரு அமெரிக்க மாநிலத்தின் சட்டத்தைப் பின்பற்ற நேர்ந்தால்கூட, அதில் ஷரீஅத் கலந்திருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை வேறு. சட்டமன்றத்தில் இதை முன்னின்று நடத்திய ரெக்ஸ் டங்கன், வருமுன் அடிக்கும் அடி என்றே இதை வர்ணித்தார். 70 சதவீத வாக்குகளோடு திருத்தம் வென்றது. அந்த மாநிலத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இரண்டே நாளில், நவம்பர் 4 அன்று, முனீர் அவாத் என்பவர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். அமெரிக்க இஸ்லாமிய உறவுகள் கவுன்சிலின் ஓக்லஹோமா கிளைக்கு நிர்வாக இயக்குநர் அவர். அவருடைய வழக்கில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அவர் எடுத்துக்காட்டிய பாதிப்புகளில் ஒன்று அவருடைய உயில். இஸ்லாமிய முறைப்படி தன் சொத்து போய்ச் சேர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். ஒரு கிறிஸ்தவரோ யூதரோ தன் உயிலில் தன் மத நெறியைக் குறிப்பிட்டால் நீதிபதி அதைப் படித்து நிறைவேற்றுவார். என் உயிலில் இருக்கும் வரியை மட்டும் கண்ணால் பார்க்கவும் கூடாது என்கிறதே இந்தத் திருத்தம், என்பதுதான் அவர் கேட்டது. உங்கள் கவலையும் அதேதான்.

மாவட்ட நீதிபதி விக்கி மைல்ஸ்-லாக்ரேஞ்ச், தேர்தல் வாரியம் முடிவைச் சான்றளிக்கும் முன்பே நவம்பர் 8 அன்று தற்காலிகத் தடை போட்டார். அதே மாதம் 29 அன்று இடைக்காலத் தடை உத்தரவு வந்தது. மாநிலம் மேல்முறையீடு செய்தது. டென்வரில் இருக்கும் பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012 ஜனவரி 10 அன்று அந்த உத்தரவை உறுதி செய்தது. 2013 ஆகஸ்டில் மைல்ஸ்-லாக்ரேஞ்ச் அதை நிரந்தரத் தடையாக்கினார். வழக்கின் பெயர் அவாத் எதிர் சீரியாக்ஸ். பால் சீரியாக்ஸ் அப்போது தேர்தல் வாரியத்தின் செயலாளர்.

எந்த அடிப்படையில் தடுத்தார்கள் என்பதில்தான் உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை இருக்கிறது. அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது, எந்த மதத்தைப் பின்பற்றுவதையும் தடுக்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம். பதினான்காம் திருத்தத்தின் வழியாக அது மாநிலங்களையும் கட்டுப்படுத்துகிறது. 1982-ல் லார்சன் எதிர் வலென்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோல் வகுத்தது. ஒரு சட்டம் மதங்களுக்குள் ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தினால், அதை மிகக் கடுமையாகச் சோதிக்க வேண்டும். தவிர்க்கவே முடியாத ஒரு பொதுநலன் இருக்கிறது என்பதையும், சட்டம் அந்த நலனுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது என்பதையும் அரசுதான் நிரூபிக்க வேண்டும். நீதிபதி ஸ்காட் மாத்தசன் எழுதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பு இந்த அளவுகோலைத்தான் கையில் எடுத்தது. திருத்தத்தின் வாசகத்தில் பெயர் சொல்லப்பட்ட மத நெறி ஒன்றே ஒன்றுதான். சரி, அப்படிச் செய்ய வேண்டிய நெருக்கடி என்ன? ஓக்லஹோமாவில் எந்த நீதிமன்றமாவது எப்போதாவது ஷரீஅத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறதா? ஒரு நிகழ்வுகூடத் தங்களுக்குத் தெரியாது என்று மாநிலத்தின் தரப்பே ஒப்புக்கொண்டது. நடக்காத ஒன்றைத் தடுக்கிறேன் என்று சொல்லி ஒரு சமூகத்தைப் பெயர் சொல்லி ஒதுக்க முடியாது. மாநிலத்தின் வாதம் அங்கேயே விழுந்துவிட்டது.

70 சதவீதம் பேர் கேட்டதை ஒரு நீதிபதி எப்படித் தடுக்கலாம் என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. மக்களின் தீர்ப்பு நிறைவேறுவதில் பொதுநலன் உண்டு, ஆனால் தனி ஒருவரின் அரசியலமைப்பு உரிமையைக் காப்பதில் அதைவிட ஆழமான, நீண்டகாலப் பொதுநலன் உண்டு என்பதுதான் 2013 தீர்ப்பு தந்த பதில். அடிப்படை உரிமைகளை எழுதி வைத்ததே, எண்ணிக்கையில் குறைந்தவர்களின் பாதுகாப்பு எண்ணிக்கையில் கூடியவர்களின் மனநிலையைப் பொறுத்து இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். நான் இந்தச் சட்டத் தொழிலை மதிப்பதற்கு இப்படிப்பட்ட தீர்ப்புகள்தான் காரணம். கடைசி முயற்சியாக, ஷரீஅத் என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத் திருத்தத்தையாவது காப்பாற்றிக் கொடுங்கள் என்று மாநிலம் கேட்டது. அந்தச் சொல் இல்லாமல் இருந்திருந்தால் மக்கள் இதற்கு வாக்களித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது என்று அதையும் நீதிபதி மறுத்துவிட்டார்.

திருத்தத்தை ஆதரித்தவர்கள் எல்லோரையும் வெறுப்பாளர்கள் என்று தள்ளிவிட வேண்டாம். அவர்கள் ஓயாமல் எடுத்துக்காட்டிய நியூ ஜெர்சி வழக்கு ஒன்று உண்மையிலேயே மனத்தைப் பதறவைப்பது. மொராக்கோவிலிருந்து வந்த ஓர் இளம்பெண், கணவன் தன்னைப் பலவந்தப்படுத்துகிறான் என்று பாதுகாப்பு உத்தரவு கேட்டார். நடந்ததை ஏற்றுக்கொண்ட விசாரணை நீதிபதி, தன் மத நம்பிக்கைப்படி அது தன் உரிமை என்று அவன் கருதியதால் குற்ற எண்ணம் இல்லை என்று 2009-ல் உத்தரவை மறுத்தார். படுமோசமான தீர்ப்பு. ஆனால் 2010 ஜூலையில், அதாவது ஓக்லஹோமா வாக்குப்பதிவுக்கு மூன்று மாதத்துக்கும் மேல் முன்பே, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. எல்லோருக்கும் பொதுவான குற்றச் சட்டத்துக்கு மத நம்பிக்கை விலக்கு ஆகாது என்பது 1879 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

மிச்சிகனிலும் அப்படித்தான். 2009-ல் அங்கே ஒரு கணவர், இந்தியாவில் முத்தலாக் சொல்லி முடித்துவிட்டேன், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார். மனைவிக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பில்லை, இருவருக்கும் சம உரிமை இல்லை, அதனால் ஏற்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் முத்தலாக்கைச் செல்லாது என்று அறிவித்தது 2017-ல்தான். அயல்நாட்டுத் தீர்ப்பு எதுவாக இருந்தாலும் அடிப்படை நியாயத்துக்கு விரோதமாக இருந்தால் ஏற்க வேண்டியதில்லை என்ற விதி அமெரிக்க நீதிமன்றங்களிடம் முன்பே இருந்தது.

ஓக்லஹோமாவில் தோற்ற பிறகு இந்த முயற்சி நின்றுவிடவில்லை, வடிவம் மாறியது. 'அமெரிக்க நீதிமன்றங்களுக்கு அமெரிக்கச் சட்டங்கள்' என்ற மாதிரிச் சட்ட வரைவு ஒன்று சுற்றில் இருந்தது. டேவிட் யெருஷல்மி என்ற வழக்கறிஞர் எழுதியது. டென்னசியும் லூசியானாவும் 2010-லேயே இந்த வகைச் சட்டங்களை ஏற்றன. பிறகு அரிசோனா, கான்சஸ், வட கரோலினா என்று பரவியது. அலபாமா 2014-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றது. உங்கள் ஓக்லஹோமாவும் 2013-ல் இப்படி ஒரு சட்டத்தைப் போட்டுக்கொண்டது. இவற்றில் ஷரீஅத் என்ற சொல் வராது. நம் அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமைகளைத் தராத அயல்நாட்டுச் சட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது செல்லாது என்று பொதுவாக இருக்கும். "இன்னும் சட்டம் இருக்கிறது" என்று உங்கள் நண்பர் சொல்வது ஒருவேளை இதைக் கேள்விப்பட்டுத்தான் இருக்கும்.

வாசகம் பொதுவாக இருப்பதால் இவற்றை மொத்தமாக எதிர்த்து வழக்குப் போடுவது கடினம். கதவு மூடிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1987-ல் ஃப்ளோரிடாவின் ஹயலியா நகரம் விலங்கு பலியைத் தடை செய்தது. சட்டத்தில் எந்த மதத்தின் பெயரும் இல்லை. ஆனால் குறி வைத்தது சான்டரியா என்ற மதத்தின் வழிபாட்டினரைத்தான் என்று கண்டு 1993-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. ஆகவே பொதுச் சட்டத்தை ஒரு நீதிபதி முஸ்லிம் ஒப்பந்தங்களுக்கு மட்டும் பயன்படுத்தினால், பாதிக்கப்பட்டவர் அந்த வழியில் போகலாம். இந்தச் சட்டங்களின் பக்கவிளைவுகளைக் கண்டு கவலைப்பட்டவர்கள் முஸ்லிம்கள் மட்டும் அல்ல. தங்கள் மத நீதிமன்றங்களின் மத்தியஸ்தத் தீர்ப்புகளுக்கு ஆபத்து வருமே என்று ஆர்த்தடாக்ஸ் யூத அமைப்புகள் எதிர்த்தன. மிசௌரி ஆளுநர் ஜே நிக்சன், வெளிநாட்டிலிருந்து பிள்ளை தத்தெடுக்கும் குடும்பங்களுக்குச் சிக்கல் வரும் என்று 2013-ல் அங்கே நிறைவேறிய மசோதாவை நிராகரித்தார்.

இந்தப் பொதுச் சட்டம் உங்கள் உயிலைத் தொடாது என்பதே என் கருத்து. உயில் என்பது அயல்நாட்டுச் சட்டத்தை நீதிமன்றம் உங்கள் மேல் திணிப்பது அல்ல, உங்கள் சொத்தை நீங்களே விரும்பிக் கொடுப்பது. யாருக்கு எவ்வளவு என்பது உங்கள் உரிமை. ஒருவருக்குக் கூடுதலாகவும் ஒருவருக்குக் குறைவாகவும் எழுதலாம். அதற்கு மார்க்கம்தான் காரணம் என்றாலும் யாரும் கேட்க முடியாது.

அப்படியானால் அந்த ஒரே வரியை எழுதிவிடலாமா? வேண்டாம். நான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதே இதைச் சொல்லத்தான். உங்கள் மார்க்கத்தை ஒதுக்கக் கூடாது என்று அரசைக் கட்டுப்படுத்தும் அதே முதல் திருத்தம், உங்கள் மார்க்கத்துக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்று நீதிபதியையும் கட்டுப்படுத்துகிறது. ஒரு மதத்துக்குள் எது சரியான கோட்பாடு என்று அரசின் நீதிமன்றம் தீர்மானிக்கக் கூடாது. எந்த ஆவணத்திலும் மதம் சாராத பொதுச் சட்ட விதிகளால் புரிந்துகொள்ளக் கூடிய பகுதியைத்தான் அது நிறைவேற்றலாம் என்பதை 1979-ல் ஜோன்ஸ் எதிர் வுல்ஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. "ஷரீஅத் முறைப்படி" என்று மட்டும் எழுதினால் நீதிபதியை முஃப்தியாக, அதாவது மார்க்கத் தீர்ப்புச் சொல்பவராக, உட்காரச் சொல்கிறீர்கள். அவரால் உட்கார முடியாது.

இது வெறும் தத்துவம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு மகள்கள், வாப்பா, உம்மா. பாகப்பிரிவினை படித்த ஆலிம் (மார்க்க அறிஞர்) யாரிடம் கேட்டாலும், இது 'மின்பரிய்யா' கணக்கு என்பார். மனைவிக்கு எட்டில் ஒன்று, வாப்பாவுக்கு ஆறில் ஒன்று, உம்மாவுக்கு ஆறில் ஒன்று, மகள்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. கூட்டிப் பாருங்கள். 24 பங்கில் 27 பங்கு வருகிறது, சொத்தைவிடப் பங்கு கூடிவிடுகிறது. அலி ரலியல்லாஹு அன்ஹு மின்பரில் (பள்ளிவாசல் சொற்பொழிவு மேடையில்) நின்றுகொண்டிருக்கும்போதே இதைக் கேட்டதாகவும், "அவளுடைய எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது" என்று உடனே பதில் சொன்னதாகவும் வரலாறு. சொத்தை 27 பங்காக்கி எல்லோருக்கும் விகிதப்படி குறைப்பது அந்த வழி. அவ்ல் என்பார்கள். நான்கு சுன்னத் மத்ஹபுகளும் (சட்ட மரபுகளும்) இதை ஏற்கின்றன. நபித்தோழர் இப்னு அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹு இதை ஏற்கவில்லை. ஷியா சட்டத்திலும் அவ்ல் கிடையாது. குறைவதெல்லாம் மகள்களின் பங்கில் குறையும்.

உங்கள் சொத்து 5,40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் மகள்களுக்கு 3,20,000, மனைவிக்கு 60,000, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80,000. இரண்டாம் வழியில் மகள்களுக்கு 2,92,500, மனைவிக்கு 67,500, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 90,000. டல்சாவில் உட்கார்ந்திருக்கும் நீதிபதி இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பார்? எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு மார்க்கக் கருத்து வேறுபாட்டில் அரசு ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். அதனால் அந்த வரி தெளிவில்லாதது என்று அவர் ஒதுக்கிவிடலாம்.

ஒதுக்கிவிட்டால்? முதலில் ஆபத்து என்றேனே, அது இங்கேதான். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் ஓக்லஹோமா சட்டம் பாதியை மனைவிக்கும், மீதியைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறது. பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோருக்கு ஒரு காசு கிடையாது. நீங்கள் அனுப்பும் பணத்தில் காலம் ஓட்டும் வாப்பாவும் உம்மாவும் வெறுங்கையோடு நிற்பார்கள். அந்த ஒரே வரியின் விலை அதுவாக இருக்கக் கூடாது.

ஆகவே பங்குகளை எண்ணாகவே எழுதுங்கள். 27-ல் மனைவிக்கு 3, வாப்பாவுக்கு 4, உம்மாவுக்கு 4, மகள்களுக்கு ஆளுக்கு 8. நீதிபதிக்கு இது வெறும் கணக்கு. முன்னுரையில் "இது என் மார்க்கக் கடமை" என்று எழுதிக்கொள்வதில் தடை ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த எண்கள் இன்றைய நிலைக்கு மட்டும்தான் சரி. உங்களுக்கு முன் வாப்பா மௌத்தாகிவிட்டால் அவ்ல் தேவைப்படாது: மனைவிக்கு எட்டில் ஒன்று, உம்மாவுக்கு ஆறில் ஒன்று, மகள்களுக்கு மூன்றில் இரண்டு போக, 24-ல் ஒரு பங்கு மிஞ்சும். அது ஊரில் இருக்கும் தம்பிக்குப் போகும். 5,40,000-க்கு 22,500 டாலர். யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இப்படி இருந்தால் இன்ன பங்கு என்று நடக்கக்கூடிய நிலைமைகளுக்கெல்லாம் அட்டவணை எழுதி உயிலோடு சேர்ப்பது. இன்னொன்று, "நான் இறக்கும்போது உள்ள வாரிசுகளின் பங்கை இன்னார் எழுத்துமூலம் சான்றளிக்க வேண்டும், அந்தச் சான்றே என் நிறைவேற்றுநரைக் கட்டுப்படுத்தும்" என்று ஒரு ஆலிமின் பெயரையும், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் பெயரையும் குறிப்பிடுவது. அப்போது நீதிபதி பார்க்க வேண்டியது, நீங்கள் சொன்ன ஆள் சான்று கொடுத்தாரா என்பதை மட்டும்தான். நான் இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்வேன். சான்று குறிப்பிட்ட நாளுக்குள் வராவிட்டால் அட்டவணைப்படி என்று ஒரு வரி போதும். மதரஸாவுக்கோ ஏழைகளுக்கோ மூன்றில் ஒரு பங்குக்குள் கொடுக்க விரும்பினால் அதையும் பெயரோடும் விகிதத்தோடும் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். பங்கு பெறும் யாரையும் சாட்சிக் கையெழுத்துப் போடவைக்காதீர்கள்.

இனி, பலரும் கவனிக்காமல் விடுவது. உயிலுக்குள் வராத சொத்துகள் உண்டு. வேலை வழியாக வந்த ஓய்வூதியக் கணக்கு, 401-கே போன்றவை, கூட்டாட்சிச் சட்டப்படி மனைவிக்கே போகும்; அவர் முறைப்படி எழுத்தில் சம்மதித்தால்தான் வேறு பெயர் போட முடியும். ஆயுள் காப்பீடு அந்தப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் போகும். வீடு இருவர் பெயரிலும் 'உயிரோடிருப்பவருக்கே முழு உரிமை' என்ற முறையில் பதிவாகியிருந்தால் நேராக மனைவிக்குத்தான். உங்கள் உயில் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், சொத்தில் பெரும்பகுதி அதற்கு வெளியே போய்விடலாம். ஒவ்வொரு படிவத்தையும் எடுத்துப் பாருங்கள்.

மனைவி விஷயத்தில் இன்னொன்று. திருமண காலத்தில் இருவர் உழைப்பாலும் சேர்ந்த சொத்தில் பாதிக்குக் குறைவாக மனைவிக்கு எழுதினால், ஓக்லஹோமாவில் அவர் உயிலை ஏற்காமல் அந்தப் பாதியைக் கேட்டு வாங்கலாம். 27-ல் மூன்று என்பது அதற்கு வெகு கீழே. உயில்படியே எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் முடிவு செய்யலாம். அது அவருடைய முடிவு, உங்களுடையது அல்ல. அவருக்கென்று தனி வழக்கறிஞர் வைத்துக் கலந்து பேசச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வற்புறுத்திக் கையெழுத்து வாங்குவது இந்த ஊர்ச் சட்டத்துக்கும் ஆகாது, ஷரீஅத்துக்கும் ஆகாது. அவர் சம்பாதித்துச் சேர்த்தது முதலில் அவருடையது, உங்கள் வாரிசுச் சொத்தே அல்ல. எது யாருடையது என்று இப்போதே பிரித்து எழுதி வைப்பது நேர்மையான முதல் படி.

மகளின் மஹருக்கு வருகிறேன். இங்கேயும் அதே விதிதான். 2002-ல் நியூ ஜெர்சியில் ஒரு நிக்காஹ் ஒப்பந்தம்: உடனடி மஹர் ஒரு தங்கக் காசு, பின்னர் கொடுக்க வேண்டியது 10,000 டாலர். இது மதச் சடங்கு, நீதிமன்றம் தலையிடக் கூடாது என்றார் கணவர். இருவர் மனமொப்பிக் கையெழுத்திட்ட சாதாரண ஒப்பந்தமாகவே பார்க்கிறேன் என்று சொல்லி நீதிபதி பணத்தைக் கொடுக்க வைத்தார். 2010-ல் வாஷிங்டன் மாநிலத்தில் நேர்மாறாக நடந்தது. ஒப்பந்தம் ஃபார்ஸி மொழியில் இருந்தது. மணமகனுக்கு ஃபார்ஸி தெரியாது. மஹர் என்று ஒன்று இருப்பதே கையெழுத்திடக் கால் மணி நேரம் முன்புதான் தெரிந்தது. 20,000 டாலர் மஹர் செல்லாமல் போனது. தடுத்தது ஷரீஅத் எதிர்ப்பு அல்ல. எதில் கையெழுத்திடுகிறோம் என்று தெரியாத ஒப்பந்தம் எந்த மதத்தவருக்கும் ஒப்பந்தம் ஆகாது.

நம் ஊர் வழக்கப்படி மேடையில் தொகையைச் சொல்லி, பதிவேட்டில் வலியும் (பெண்ணின் பொறுப்பாளரும்) மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டு முடிப்பது டெக்சாஸில் போதாது. திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தமாக, ஆங்கிலத்தில், தொகையையும் எப்போது கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி, மகளே கையெழுத்திட வேண்டும். நிக்காஹ் அன்று அவசரத்தில் வேண்டாம், சில வாரங்களுக்கு முன்பே முடியட்டும். அதில் "பிணக்கு வந்தால் ஜமாஅத்தின் மத்தியஸ்தக் குழுவே தீர்க்கும்" என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்துக்கு 2022-ல் வந்த வழக்கு இதுதான். நிக்காஹ் படிவம் என்று நம்பித்தான் கையெழுத்திட்டேன், மத்தியஸ்த ஒப்பந்தம் என்று தெரியாது என்றார் மனைவி. ஒப்பந்தமே செல்லுமா என்பதை முதலில் நீதிமன்றம் தீர்மானிக்கட்டும், அதன் பிறகுதான் மத்தியஸ்தத்துக்கு அனுப்பலாமா என்ற பேச்சு என்று அந்த நீதிமன்றம் சொன்னது. சரியான தீர்ப்பு என்பேன். மத்தியஸ்தக் குழு கூடாது என்று நான் சொல்லவில்லை. விரும்பிப் போகிறவர்களுக்கு அது நல்ல வழி. உங்கள் மகள் அந்தப் பிரிவைப் படித்து, விரும்பினால் மட்டும் ஏற்கட்டும். டெக்சாஸ் பத்தாம் வட்டாரத்துக்குள் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அவாத் தீர்ப்பு அங்கே எடுத்துக்காட்டத்தான் உதவும், கட்டுப்படுத்தாது.

மேலப்பாளையத்தில் உங்கள் பெயரில் வீடோ மனையோ இருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அசையாச் சொத்துக்கு அது இருக்கும் நாட்டின் சட்டம்தான். 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டமும், அதை விவசாய நிலத்துக்கும் விரிவாக்கிய 1949-ஆம் ஆண்டு சென்னை மாகாணத் திருத்தமும் அங்கே செல்லும். ஊர்ச் சொத்துக்குத் தனியாக ஒரு ஆவணம், அங்குள்ள வழக்கறிஞர் வழியாக எழுதுங்கள். இங்கே எழுதும் உயிலில் "இந்தியாவில் உள்ள அசையாச் சொத்துகள் நீங்கலாக" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பின்னால் எழுதும் உயில் முன்னால் எழுதியதை ரத்து செய்துவிடும் என்ற பொதுவான வாசகம், கவனிக்காமல் விட்டால், ஊரில் எழுதியதையும் அடித்துவிடும்.

வழக்கறிஞரிடம் போகும்போது வீட்டுப் பத்திரம், ஓய்வூதியக் கணக்கின் பயனாளி படிவம், காப்பீட்டுப் பத்திரம், கடன் விவரம், பெற்றோர் பிறந்த தேதியும் முகவரியும், தம்பியின் முழுப் பெயர் எல்லாம் கையில் இருக்கட்டும். ஓக்லஹோமாவில் உரிமம் பெற்ற, உயில் விவகாரங்களில் பழகிய வழக்கறிஞராகப் பாருங்கள். பங்குக் கணக்கை அதற்கு முன்பே உங்கள் மத்ஹபைச் சேர்ந்த ஆலிமிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். குடும்பத்தில் ஒரு பிறப்போ இறப்போ நேர்ந்தால் மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள்.